சூசையப்பர் யாரைப் பார்க்கிறார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. கேட்டால் அதுவும் சுகம் என்றுதான் சொல்வார், அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உங்கள் மூவரையும் நினைத்துத்தான் செபம் சொல்கிறேன். பேரனுக்குப் பல் முளைத்த போட்டோவைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சிரிப்பு அப்படியே என் பிறந்த வீட்டுச் சிரிப்பு. உன் அத்தை பார்த்துவிட்டு மூக்கு எங்கள் வீட்டு மூக்கு என்றாள், சரி, மூக்கை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சிரிப்பு போதும்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்தான் பேப்பரில், காது முழுக்க நம் பேச்சில். நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாத விஷயம். போன ஞாயிறு நீ, என்னம்மா குரலே ஒரு தினுசாச் சந்தோஷமா இருக்கு என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று மழுப்பினேன். ஒன்றுமில்லாமல் இல்லை. அவர் இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார், அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால் உலக நடப்பு முழுவதையும் அலசாமல் எழுந்து வரமாட்டார், அதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன்.

நம் கோயில் சூசையப்பரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். இடதுபக்கப் பீடத்துக்கு மேலே, ஏணி வைத்தால்தான் எட்டுகிற உயரத்தில், மாடத்துக்குள் நிற்கிறாரே, ஆளுயர மரச் சுரூபம், கையில் தச்சர்களின் மூலைமட்டம். அவர் காலடியில் அடிப்பலகை உளுத்துப்போய், கோயில் மணி அடிக்கிறவர் தூசி தட்டும்போது ஒரு மூலை மாவாகக் கொட்டியிருக்கிறது. சுரூபம் தலைமேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று புதுச் சாமியார் பயந்துபோய் நம் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். ஏற்கெனவே நமக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, வெளியூர்க் கோயில் சம்மனசுகள் நாலு பேர் இறக்கை இல்லாமல் சுவரோரம் சாய்ந்து நிற்கிறார்கள். ஆனாலும் நம் கோயில் வேலை, அதுவும் சூசையப்பர், இயேசுவை வளர்த்த தச்சர், தச்சர்களுக்கெல்லாம் தலைவர், முடியாது என்று சொல்ல உன் அப்பாவுக்கு வாய் வருமா. நாலைந்து ஆட்கள் கயிறு கட்டி இறக்கிக் கொண்டுவந்து பட்டறையில் கட்டைகள்மேல் படுக்கவைத்தார்கள். எனக்கு என்னமோ வீட்டுக்கு ஒரு நோயாளி வந்து படுத்த மாதிரி இருந்தது, முதல் நாள் அவர் பக்கத்தில் சத்தமாகப் பேசக்கூட இல்லை.

எங்கள் பட்டறைச் சட்டம் உனக்குத் தெரியும். மரம் அவருடையது, முகம் என்னுடையது. நான் உளியைத் தொடமாட்டேன், அவர் தூரிகையைத் தொடமாட்டார். அவர் வேலையில் நான் வாய் வைப்பதில்லை, என் வேலையில் அவர் மூக்கை நுழைப்பதில்லை, குடும்பம் இத்தனை காலம் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். அந்தச் சட்டப்படியே இந்த வேலையும் நடந்தது. அவர் அடிப்பலகையைக் கழற்றினார். பார்த்தால் அது பின்பக்கம் தடிமனாகவும் முன்பக்கம் மெலிந்தும் இருந்தது. ஈரம் ஏறி முன்பக்கத்தைத் தின்றுவிட்டது என்றார், நானும் உம் கொட்டினேன், மரம் என் இலாகா இல்லையே. நல்ல வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்து, இழைத்து, புதுப் பலகை செய்து, சுரூபத்தைத் தூக்கி நிறுத்தி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணி விட்டாக்கூட எந்தப் பக்கமும் ஓடாது பாரு என்று சொல்லிவிட்டு, அன்று டீயை இரண்டு தம்ளர் குடித்தார். அவர் சந்தோஷத்துக்கு அதுதானே அளவு.

என் பாடு அவ்வளவு லேசாக இல்லை. ஒவ்வொரு சாமியார் காலத்திலும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக் கொடுத்து, பழசு தெரியாமல் மேலே மேலே அப்பியிருக்கிறார்கள். முகத்தில் பொம்மைக்கு அடிக்கிற ரோஸ், அதற்குக் கீழே ஒரு மஞ்சள், அதற்கும் கீழே என்னவென்றே சொல்லமுடியாத ஒரு களிமண் நிறம். குச்சியில் பஞ்சைச் சுற்றி மருந்தில் நனைத்து, ஒரு நகக்கண் அளவு இடம், அப்புறம் இன்னொரு நகக்கண் அளவு இடம் என்று எடுத்தேன். கழுத்து வலி சொல்லி மாளாது. உன் அப்பா சாயங்காலம் தைலம் தேய்த்துவிடுவார், தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றிப் பேசுவார். அப்படி எடுத்துக்கொண்டே வந்தபோது ஒரு நாள் காலையில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற நேரம், இடது கண் வெளியே வந்தது.

அடியே, அந்தக் கண்ணை உனக்கு எப்படிச் சொல்வேன். முதன்முதலில் அந்தச் சுரூபத்துக்கு வண்ணம் தீட்டியவர் யாரோ, பெயர் இல்லை, ஊர் இல்லை. இமை பாதி தாழ்ந்திருக்கிறது. இமைக்குக் கீழே மெல்லிசாக ஒரு சாம்பல் நிழல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு இருக்குமே, அந்தக் களைப்பு. கருவிழியில் ஒற்றை முடியால் வைத்த ஒரு வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் லேசாகச் சிவப்பு, மரத்தூள் பட்டுக் கசக்கின மாதிரி. நான் இத்தனை காலமாக எத்தனை முகம் எழுதியிருக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். இந்த ஆள் பக்கத்தில் நான் பிள்ளைப் பூச்சி. பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இன்னொரு கண்ணையும் எடுத்தேன், அதுவும் பழுதில்லாமல் இருந்தது. உடைக்கும் தாடிக்கும் அங்கங்கே வண்ணம் சேர்த்தேன், அங்கியின் ஓரத்தில் உதிர்ந்த இடத்துக்குத் தங்க ரேக்கு வைத்தேன். கண்ணில் மட்டும் ஒரு துளி வைக்கவில்லை. வைக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

வேலை முடிந்து, மறுபடி கயிறு கட்டி ஏற்றி, மாடத்தில் நிறுத்தினோம். அங்கேயும் உன் அப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மாடத்துச் சுவரில் துருப்பிடித்த கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, விளக்கு மாட்டியிருப்பார்கள் என்று சொல்லி இவர் அதையும் வளைத்துச் சுவரோடு சுவராக மடக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். புதுத் துணி போட்ட மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடக்கமாக நிற்கிற மாதிரி நின்றேன், உள்ளுக்குள் தலை கால் புரியவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார். விடியற்காலை அடுப்பை முடித்துவிட்டு, முழங்கை வரை மாவோடு கோயிலுக்கு வந்து, எப்போதும் சூசையப்பருக்கு நேர் கீழே மூன்றாவது பெஞ்சில் உட்காருவாரே, அவர்தான். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் அவர் அந்த பெஞ்சை விட்டு எழுந்ததே இல்லை, அந்தம்மா தேறி வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என்னிடம் வந்து, தப்பா நெனைக்காதீங்கக்கா, அவரு இப்ப என்னப் பாக்க மாட்டேங்கிறாரு என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக உட்கார்ந்ததும் முகத்துக்கு நேராகப் பார்ப்பார், இப்போது தலைக்கு மேலே எங்கேயோ பார்க்கிறார், ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நாம் நிற்பதைக் கவனிக்காத குமாஸ்தா மாதிரி என்றார். உள்ளே போய் அவர் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். நிஜம்தான். சூசையப்பர் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லார் தலைக்கும் மேலாக, பின்னால் மேல்மாடியில் பாட்டுக்காரர்கள் உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், இத்தனை காலத்தில் முதன்முதலாகத் தங்களையும் ஒருவர் கவனிக்கிறார் என்று. பிரசங்க நேரத்தில் தூங்குகிற அந்தத் தடித்த குரல்காரர் மட்டும் அன்று தூங்கவில்லையாம்.

அப்புறம் கேட்கவேண்டுமா. வாய்க்கு வாய் பரவியது. கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று நேராக என்னிடம் சொல்ல ஆளில்லை, ஆனால் நான் போனதும் பேச்சு நிற்கும். உன் அத்தை மட்டும் நேராகச் சொன்னாள், அண்ணிக்கும் வயசாகுதில்ல, கை முந்தி மாதிரி இருக்குமா என்று. எனக்காகப் பரிந்து பேசுகிறாளாம். அந்த வார்த்தை எனக்கு ஊசி ஏற்றின மாதிரி இருந்தது. நான் கண்ணைத் தொடவே இல்லை என்று சொன்னேன். தொட்டுத்தானே எல்லாப் பெயிண்டையும் எடுத்தீங்க என்றாள். அன்றிலிருந்து எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பஞ்சு ஒரு தடவை அதிகமாகப் போயிருக்குமோ, இமையின் அடியில் இருந்த ஒரு மெல்லிய நிழலை மருந்து தின்றுவிட்டதோ, அந்தப் பழைய ஆள் கீழே பார்க்க வைத்த பார்வையை நானே துடைத்து எறிந்துவிட்டேனோ. சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன், மரத்தில் ஏதாவது இருக்குமா என்று. மரத்துல ஒண்ணும் இல்ல, அது மட்டமாத்தான் நிக்குது என்று பட்டென்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சட்டப்படி நான் கேட்டதே தப்பு. ஆனால் மரத்தில் இல்லை என்றால் முகத்தில்தான் என்றுதானே அர்த்தம். ஊர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன், இவரும் அப்படி நினைக்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை சாமியாரும், பங்குப் பேரவைத் தலைவி டீச்சரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். உனக்குக் கணக்கு எடுத்தாரே, அதே டீச்சரம்மா, இப்போது ஓய்வு பெற்றுவிட்டு எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல முடியாது. கண்ணின் கருவிழியைக் கொஞ்சம் கீழே இறக்கி எழுதிவிட்டால் சரியாகிவிடும், சனிக்கிழமைக்குள் செய்துவிட முடியுமா, உங்களுக்கு முடியாவிட்டால் சுரூபக் கடையிலிருந்து ஒரு பையன் வந்து மருந்தடிக்கிற மாதிரி புஸ்ஸென்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறானாம், அவனை வரச்சொல்லலாம் என்றார்கள். அந்தக் கண்ணின்மேல் கருவிழி எழுத வேண்டுமென்றால் அதை மூட வேண்டும். மூடினால் மூடினதுதான், அடுத்து ஒருத்தி வந்து இப்படிப் பஞ்சால் எடுப்பாள் என்று என்ன நிச்சயம். நான் அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு யாரும் வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். அந்தப் பையன் கையில் கொடுப்பதற்கு என் கையால் மூடுவது மேல் என்று தோன்றியது. உன் அப்பா அவர்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பட்டறைக்குப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அன்று தைலம் தேய்க்க வந்தவரை வேண்டாம் போங்க என்று அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவர் போக்கே சரியில்லை. பேசவில்லை, சாப்பாட்டைக் கொறித்தார், பட்டறையில் வேலை செய்த மாதிரியும் தெரியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். என்மேல் கோபமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் கிளம்ப, அவர் ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். சாமான் ஏதோ என்று நினைத்தேன், கேட்கவில்லை, நாங்கள்தான் பேசிக்கொள்ளவில்லையே. கோயிலில் சாரம் கட்டி வைத்திருந்தார்கள். சாமியார் இருந்தார், டீச்சரம்மா இருந்தார், வேடிக்கை பார்க்க உன் அத்தையும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் இருந்தார்கள், ரொட்டிக்கடைக்காரர் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாவம், தன்னால்தான் இதெல்லாம் என்று அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

மேலே ஏறி முகத்துக்கு நேராக நின்றேன். இவ்வளவு பக்கத்தில் அது எந்தக் குறையும் இல்லாத கண். இமை தாழ்ந்துதான் இருக்கிறது, நிழல் இருக்கிறது, எதையும் நான் துடைக்கவில்லை என்று அப்போது நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, கீழே இருப்பவர்களுக்குப் பார்வை படவில்லையே. மன்னிச்சுக்குங்க என்று அந்தப் பேர் தெரியாத ஆளுக்குச் சொல்லிவிட்டு வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்தேன். தூரிகையை இடது கண் பக்கம் கொண்டுபோகும்போது கீழேயிருந்து உன் அப்பா என்னை இறங்கச் சொன்னார். காதில் விழாத மாதிரி இருந்தேன். இறங்குன்னு சொல்றேன்ல என்று கோயில் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தால் சாக்குப்பையைக் கவிழ்த்துப் பழைய அடிப்பலகையைப் பீடத்துக்கு முன்னால் தரையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், முகமெல்லாம் வியர்வை. எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் யாரையும் பார்க்காமல், பலகையைப் பார்த்தே சொன்னார்:

"கண்ணுல தப்பு இல்ல. அவ கையிலயும் தப்பு இல்ல. தப்பு என்னோடது."

நான் மேலே நின்ற இடத்தில் சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை, நீயும் கேட்டிருக்கமாட்டாய். வழி தவறினால்கூட ரோடு மாத்திட்டாங்க என்று சொல்கிற ஆள். அப்புறம் விளக்கமாகச் சொன்னார். அந்தப் பலகையை அடுப்புக்குப் பிளக்கலாம் என்று வெள்ளிக்கிழமை கோடாலியோடு எடுத்திருக்கிறார். வெளிச்சத்தில் பார்த்தால் உளுத்தது மூலைகள் மட்டும்தான். பக்கவாட்டில் ரம்பம் போன தடம் சரிவாக, நேர்த்தியாக இருக்கிறது, பழைய வண்ணம் அந்தச் சரிவு விளிம்பு வரை வந்து அடிப்பக்கமாக மடிந்திருக்கிறது. ஈரம் தின்றிருந்தால் வண்ணமும் அல்லவா போயிருக்கும். ஆக, செய்தவரே அதைச் சரிவாகத்தான் வெட்டியிருக்கிறார். அவ்வளவு உயரத்தில் நிற்கிற ஆள் கீழே இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும், அதற்காகப் பின்பக்கம் இரண்டு விரல் உயரம் கூட வைத்திருக்கிறார். குனிந்தவர் விழாமல் இருக்க முதுகைக் கம்பியால் இழுத்துக் கட்டத்தான் அந்தச் சுவர்க் கொக்கி, கம்பி எப்போதோ துருவேறி அறுந்திருக்கிறது. அதையும் இவர் மடக்கியாகிவிட்டது. இது அவருக்கு முதலிலேயே தெரியவில்லையா என்று உனக்குத் தோன்றும். ஆனால் கோணலைப் பார்த்தால் இழைத்து நேராக்காமல் ஒரு தச்சனால் இருக்க முடியுமா சொல்லு, அதுவும் உன் அப்பாவால். நம் வீட்டுக் காலண்டர் ஒரு நூல் சாய்ந்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காதே.

சாமியார் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். டீச்சரம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தச்சருக்கே தச்சு வேல பாத்தா இப்படித்தான் ஆகும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார், காது மட்டும் சிவந்தே இருந்தது. உன் அத்தை என்னைப் பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி தூரிகையைக் கழுவினேன். அதுவும் ஒரு சுகம்தான், ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். அங்கேயே இரண்டு ஆப்புக் கட்டை செதுக்கினார். நான் இறங்கி வர, அவர் ஏறினார், மணி அடிக்கிறவரும் இன்னும் இரண்டு பேரும் சுரூபத்தைப் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் நெம்புகோல் கொடுத்து ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தட்டினார். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதற்கு என்ன அளவு. பழக்கத்தில் கை ரசமட்டத்துக்குப் போனது, எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து, எப்பவும் உக்கார்ற மாதிரியே உக்காருங்க என்றார். அவர் மூன்றாவது பெஞ்சில் முதுகை நிமிர்த்திப் பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அப்படி உட்கார மாட்டீங்களே, சாய்ஞ்சுதானே உக்காருவீங்க என்று டீச்சரம்மா அதட்டினார். சாய்ந்தார். உன் அப்பா ஒரு தட்டு தட்டுவார், இப்ப என்பார். இவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். இன்னொரு தட்டு. இப்ப. நெத்தியப் பாக்குறாரு என்றார். மெதுவாக இன்னொரு தட்டு. என்ன ஆச்சு என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தால் ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். போதும் என்று சாமியார்தான் மேலே பார்த்துச் சொன்னார். கொக்கியை நிமிர்த்தி, புதுக் கம்பியால் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். நான் போய் வேறொரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கேயும் பார்த்தார். வலது பக்கம் போய் உட்கார்ந்தேன், அங்கேயும் பார்த்தார். அந்தக் கண்ணை எழுதியது எந்தக் கையோ, அது நன்றாக இருக்கவேண்டும். இந்த வாரம் உன் அப்பா முறைப்படி சரிவாகவே ஒரு புது அடிப்பலகை செய்து பொருத்திவிட்டார், பழையதை வைத்து அளவெடுத்து. மேல்மாடிப் பாட்டுக்காரர்களுக்குத்தான் வருத்தம்.

வீட்டுக்கு வரும்போது வழக்கம்போல அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வந்ததும் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார், நான் துண்டோடு பக்கத்தில் போய் நின்றேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது, நான் கருவிழியை இறக்கி எழுதியிருப்பேன், ஊரும் சரியாப்போச்சு என்று விட்டிருக்கும், பழி என் கையோடு போயிருக்கும், பிறகு எதற்கு அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள் என்று கேட்டேன். துண்டை வாங்கி விரல் விரலாகத் துடைத்தார். பதில் வராது என்று நான் அடுப்படிக்குத் திரும்பினேன். அப்போதுதான் சொன்னார்:

"நீ அத அழிச்சுட்டு வந்து வீட்ல உக்காந்திருப்ப. அத நான் எப்படிப் பாத்துட்டு இருக்கிறது."

சொல்லிவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று ஒரு பாட்டம் அழுதேன், சந்தோஷத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னைப் பார்க்கிறாரா, இல்லை மரத்தைத்தான் பார்க்கிறாரா என்று எனக்கு ஒரு குறை இருந்தது மகளே, யாரிடமும் சொன்னதில்லை. இனி இல்லை.

சரி, வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, அவர்தான். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்ததும் படுக்காமல் ஒரு வாய் எதையாவது போட்டுக்கொள், பேரனைக் குளிரில் தலையில் குல்லா இல்லாமல் வெளியே தூக்காதே. மாப்பிள்ளை உன் சமையலில் குறை சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, நீ குறை சொல்ல அவரிடமும் இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சிரித்துவிடுங்கள். அப்பாவிடம் போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, அவராகச் சொன்னால் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள், சொல்லமாட்டார். சூசையப்பர் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், ரொட்டிக்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எடுத்தது, பேரன் தொட்டிலுக்கு மேலே மாட்டு, ஆணியைக் கொஞ்சம் மேலே அடித்து, படத்தை முன்னால் சாய்த்து மாட்டு. உங்கள் மூவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், திருக்குடும்பம் உங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா